அவுட், செட் 2: ஆடியில் ஒரு முத்திரை வேட்டை

20 ஜூலை 2025, ஞாயிறு – திருச்சி

வீட்டில் "ராமேஸ்வரம் போய்ட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. வழியில் பழைய கடிதம் தேடப் போகிறேன் என்ற பாதியை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். போன வருஷம் ஈரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து 2 கிலோ கார்டு வாங்கி வந்தேன். அதற்குள் இருந்த ராமபாணப் பூச்சி பீரோவில் குடியேறி, கல்யாணப் பட்டின் முந்தானையில் கைவரிசை காட்டிவிட்டது. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஸ்டாம்ப் சேர்ப்பவன் என்றுதான் பலரும் என்னை நினைக்கிறார்கள். ஸ்டாம்ப் எனக்கு வேண்டாம். கவரைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்கிற ரகம் நான். அந்தக் காலத்து மெயில் வண்டிகளில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) என்று எழுதிய ஒரு பெட்டி இருக்கும். வேன் என்பார்கள். ஓடுகிற தபாலாபீஸ். உள்ளே ராத்திரி முழுக்க நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, கட்டி, பையில் போட்டு, அரக்கு சீல் வைத்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறக்குவார்கள். அந்தப் பெட்டிக்குள் குத்திய வட்ட முத்திரைதான் எனக்கு வேண்டும். நம் நாட்டில் இது 1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவே தொடங்கியது. இங்கிலாந்தில் அதற்கும் 25 வருஷம் முன்பே, 1838-ல், குதிரை ஏற்றுகிற பெட்டி ஒன்றை மாற்றி அமைத்து அதில் தபால் பிரித்திருக்கிறார்கள்.

திருச்சியில் இறங்கியது ஒரு பெரியவரைப் பார்க்க. நண்பர் ஒருவர் மூலமாகக் கிடைத்த தொடர்பு. 1971-ல் ஆர்.எம்.எஸ். வேலையில் சேர்ந்து, வருஷக்கணக்கில் வேனில் ஓடிவிட்டு, கடைசிக் காலத்தில் ஜங்ஷன் ஆபீஸில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வீடு கிராப்பட்டியில். நான் போனபோது வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சு என்னிடம், கண் என்மேல், விரல் மட்டும் தனியாக வேலை செய்தது. இலை முறத்தில், காம்பு இடது பக்கம், பழுப்பு வலது பக்கம். ஒரு பழுப்புகூட முறத்துக்குள் விழவில்லை. எனக்கு அங்கேயே பாதி பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

"இன், அவுட்டுன்னு முத்திரையில இருக்கே, அதுல ஏதாவது சூட்சுமம் உண்டா சார்?" என்று கேட்டேன்.

"ஹெட்குவார்ட்டர்ஸ விட்டுப் போனா அவுட். திரும்பி வந்தா இன். இதுக்குப் போய் மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்களா?"

செட் என்றால்? "ஒரே ஆளுங்க தினம் ராத்திரி கண்ணு முழிக்க முடியுமா? ஒரு கோஷ்டி வண்டியில, ஒரு கோஷ்டி அந்த ஊரு ரெஸ்ட் ஹவுஸ்ல, ஒரு கோஷ்டி வீட்டுல. கோஷ்டிக்கு ஒரு நம்பர். நான் செட் 3."

முத்திரையில் செக்‌ஷனின், அதாவது வேன் ஓடுகிற தடத்தின், எழுத்தும் எண்ணும், இன்னா அவுட்டா என்பதும், செட் நம்பரும், தேதியும் இருக்கும். அந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம் எந்த ராத்திரியில் எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, யார் கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்க எப்படா இறங்குவோம்னு நின்னோம்."

அவர் சொன்னதில் ஒன்று என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. முத்திரை தெளிவாக விழுந்த கவருக்கு வியாபாரிகள் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். கலங்கியது என்றால் ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் பார்த்துப் பழகினேன். பெரியவர் சொல்கிறார்: "மீட்டர் கேஜ் சார் அப்ப. வண்டி ஆடுற ஆட்டத்துல நேரா நிக்கறதே வித்தை. முத்திரை வட்டமா, சுத்தமா விழுந்திருந்தா, வண்டி ஏதோ ஸ்டேஷன்ல நின்னிருக்குன்னு வச்சுக்கங்க." அப்படியானால் என் ஆல்பத்தில் இருக்கிற அழகான முத்திரையெல்லாம் பிளாட்பாரத்தில் குத்தியது. ஓடும்போது குத்தியதையெல்லாம் இத்தனை வருஷமாக நான்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எல்லாக் கடிதத்துக்கும் முதுகில் குத்துவீர்களா என்றேன். "நேரம் ஏது? ரிஜிஸ்தர்னா குத்துவோம். வழி தப்பி வந்ததுக்குக் கட்டாயம் குத்துவோம். எப்ப, யார் கைக்கு வந்துச்சுன்னு தெரியணும்ல. அப்புறம் வேன்ல இருக்கிற பெட்டியில ஜனங்க வந்து போடுவாங்க பாருங்க, அது." லேட் ஃபீ என்று தனியாக ஸ்டாம்ப் ஒட்டினால் வண்டி கிளம்புகிற நிமிஷம் வரை கடிதம் போடலாம். பிளாட்பாரத்தில் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பற்றிச் சொன்னார். சிலர் வேலைக்கு மனு அனுப்புகிறவர்கள். சிலர் வெறுமனே சோம்பேறிகள்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். அதற்கு ஒரு வருஷம் முன்பு சேர்ந்த இவருக்கு ஊர்ப்பெயரெல்லாம் மண்டையில் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னும் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். குமாரமங்கலம், கீரனூர், வெள்ளனூர், புதுக்கோட்டை, நமனசமுத்திரம், திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல்... மானாமதுரை தாண்டி மண்டபம் வரை போய்த்தான் கண்ணைத் திறந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ராமேஸ்வரம் வந்தாச்சா? அப்ப கீரையக் குடுங்க" என்றார்.

"கஷ்டம் எதுன்னா, ஒரே பேருல நாலு ஊரு இருக்கும். புதுப்பட்டின்னு மட்டும் எழுதிப் போட்டுடுவாங்க. எந்தப் புதுப்பட்டி? ஜில்லா எழுத மாட்டாங்க."

ஒரு கவர்கூட அவரிடம் இல்லை. ஞாபகத்துக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லையா என்றேன். "எல்லாம் அடுத்தவங்க லெட்டர் சார்," என்றார்.

கீரைப் பொரியலோடு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். வெளியே வந்தால் சாயங்காலம் 5 மணிக்கும் வெயில் அப்படியே இருக்கிறது. ஆடிக் காற்று என்கிறார்கள், திருச்சியில் அது அடுப்பைத் திறந்த மாதிரி வருகிறது.

21 ஜூலை, திங்கள் – காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் வாங்க வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வருகிற தெரு. எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி, மரப்பாச்சி, ரவிவர்மா படம், கடிகாரம், கதவு நிலை என்று ஒரு செட்டிநாட்டு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியது போல இருக்கும். கடிதம் வேண்டும் என்றால் மட்டும் முகம் மாறுகிறது. "காகிதமா? காகிதத்தை யாரு சார் வாங்குவா" என்று ஒருவர். "இருக்கு, ஆனா ஸ்டாம்ப் இல்ல" என்று இன்னொருவர். ஸ்டாம்ப் இல்லாததுதான் வேண்டும் என்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு வரச் சொன்னார். கோடவுனில் ஒரு மூட்டை கிடக்கிறதாம்.

மற்றபடி வீணான நாள். மதியம் மெஸ்ஸில் சாப்பாடு 140 ரூபாய், மண்டி மட்டும் தனியாக நினைவில் நிற்கிறது. அரிசி கழுவின தண்ணீரில் வெண்டைக்காயும் மொச்சையும் புளியும் போட்டுச் செய்வது. இரண்டாம் தடவை கேட்டதும் பரிமாறுகிற பெண், "சோத்துக்குப் போடவா, கிண்ணத்துல தரவா?" என்றார். கிண்ணத்தில் வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் தெருமுனையில் வெள்ளைப் பணியாரம், 5 பணியாரம் 40 ரூபாய். வரமிளகாய்ச் சட்னியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் எதுவும் பேசாமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

22 ஜூலை, செவ்வாய் – காரைக்குடி

மூட்டை வந்தது. சணல் சாக்கு, வாயைச் சுருக்கிக் கட்டியது. கடைக்காரர் அதைத் திண்ணையில் கவிழ்த்தார். தூசி எழும்பியது. நான் தும்ம ஆரம்பித்தேன், இதை எழுதும்வரை நிற்கவில்லை. எண்ணிப் பார்க்கவில்லை, எப்படியும் 400 கவர் இருக்கும். ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலை காணோம்.

"ஸ்டாம்ப்காரங்க வந்து வெட்டிக்கிட்டுப் போய்ட்டாங்கண்ணே."

சுற்றி ஒரு விரல்கடை இடம் விட்டுத்தான் வெட்டுவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தால் ஸ்டாம்ப் சுத்தமாக வந்துவிடும். முன்பக்க மூலையை வெட்டினால் பின்பக்க மூலையும் சேர்ந்து போகுமே என்று அவர்களுக்கென்ன கவலை? ஒரு ரூபாய் ஸ்டாம்புக்காக ஒரு கடிதத்தின் பாதிப் பயணத்தை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்டாம்ப் சேர்க்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

செட்டிநாட்டில் ஏன் தேடுகிறேன் என்றால், இந்த ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறையாகக் கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவர்கள். ஆண்கள் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்விடுவார்கள். ஒரு தடவை போய் இருந்துவிட்டு வருவதற்கு ஒரு கணக்கு என்று பெயர், அது மூன்று வருஷம். பெண்களும் வயதானவர்களும் இங்கே. நடுவில் கடல். கொழும்பிலிருந்து வருகிற கடிதம் ரயிலில் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து மறுபடி ரயில். அதாவது அது ஊர் வந்து சேர்வதற்குள் ஆர்.எம்.எஸ். வேனுக்குள் ஒரு ராத்திரியாவது இருந்தாக வேண்டும்.

காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேன் முத்திரை உள்ளது மூன்றுதான் தேறியது. இரண்டு சாதாரணம். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மஞ்சளடித்த நீளக் கவர். பின்மடிப்பில் ரப்பர் ஸ்டாம்பில் "செட்டியார் தெரு, கொழும்பு". ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்கிற அதே தெரு. முகவரி ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில், கடைசி வரி கொத்தமங்கலம், தென்னிந்தியா. அது காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். மூலை வழக்கம்போல் அறுக்கப்பட்டுவிட்டது. பின்பக்கம் வெட்டின ஓரத்தில் ஒரு முத்திரையின் நகக்கண் அளவு மட்டும் மிச்சம், எழுத்தே இல்லை. அதற்குக் கீழே இன்னொன்று, கொஞ்சம் இழுபட்டு, வட்டம் முட்டையாகி விழுந்திருக்கிறது. செக்‌ஷன் எண்ணும் வெட்டில் போய்விட்டது. ஆனால் அவுட் இருக்கிறது. செட் 2 இருக்கிறது. 13 ஆகஸ்ட் 58 இருக்கிறது. முன்பக்கம் முகவரிக்கு மேலே நீலப் பென்சிலில் ஏதோ சுழி சுழியாகக் கிறுக்கல், குழந்தை கையில் சிக்கியிருக்கும் போல.

உள்ளே கடிதமும் இருந்தது. மேலே உ போட்டு, விளம்பி வருஷம் ஆடி மாதம் 20-ந் தேதி. அப்படியென்றால் ஆகஸ்ட் 4 அல்லது 5. பிறர் கடிதத்தைப் படிக்கிற கூச்சம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, படிக்காமல் இருந்ததும் இல்லை. இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும். பெரியவளுக்கு ஜாதகம் வந்ததா. வடகம் அனுப்பினால் ஆள் வசம் மட்டும் அனுப்பவும். நடுவில் ஒரு வரி: "இங்கே இப்போது தொந்தரவு ஏதும் இல்லை, ஆத்தாளிடம் சொல்லவும்." 1958 மே மாதம் இலங்கையில் தமிழர்கள்மேல் கலவரம் நடந்தது. அதற்கப்புறம் எழுதின கடிதம் இது.

எனக்கு இரண்டு விஷயம் இடித்தது. கொழும்பிலிருந்து மூன்றாம் நாள் வந்திருக்க வேண்டியது 13-ந் தேதிவரை எங்கே இருந்தது? இன்னொன்று, தனுஷ்கோடியிலிருந்து வடக்கே திருச்சியைப் பார்த்து வருகிற கடிதம் இன் வண்டியில் அல்லவா வர வேண்டும்? அவுட் என்றால் தெற்கே போகிற வண்டி. கொழும்பை விட்டு வந்த கடிதம் மறுபடி கொழும்புப் பக்கமாக ஏன் போகிறது?

கடைக்காரர் 500 சொன்னார். மூலையில்லாத கவருக்கு 500-ஆ என்று நான் 200-ல் நின்றேன். "நீங்க நாலு மணி நேரமா ஒரே கவரைப் பாக்குறீங்கண்ணே, 200-க்குத் தர முடியுமா?" முகத்தில் ஆசையைக் காட்டிவிட்டால் அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. 300-க்கு முடிந்தது. டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

கவரின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக் கிராப்பட்டிப் பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டிருக்கிறேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

23 ஜூலை, புதன் – மண்டபம், ராமேஸ்வரம்

போட் மெயில் என்று இப்போதும் பெரியவர்கள் சொல்கிற வண்டியில் காரைக்குடியில் ஏறினேன். பெயர்தான் மிச்சம், படகு கிடையாது. முதலில் இந்தப் பெயர் தூத்துக்குடி வண்டிக்கு இருந்தது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கு மாறியது. ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறி, 20 மைல் சொச்சம் கடலைத் தாண்டி தலைமன்னாரில் மறுபடி ரயில். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது, 1980-களில் அதுவும் நின்றது.

இன்றைக்கு ஒரு தப்பு நடந்தது. தப்பு என்னுடையது. பெட்டியில் ஏறியபோதே உட்கார இடமில்லை. எல்லார் மடியிலும் பித்தளைச் சொம்பு, பை நிறைய எள். எதிர் சீட்டுப் பாட்டி, "தம்பி, நீங்க யாருக்குத் திதி குடுக்கப் போறீங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. நாளை ஆடி அமாவாசை. ஐந்து நாள் பயணத்துக்குத் திட்டம் போட்டவன், காலண்டரில் கறுப்புப் புள்ளியைப் பார்க்கவில்லை.

பாட்டி சேலத்துப் பக்கம். மகனும் மருமகளும் அடுத்த பெட்டியில். எனக்கு இலையில் புளியோதரை எடுத்து வைத்தார், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே. அதில் வேர்க்கடலை தாராளம். சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை, முடித்ததும் சம்பளம் உட்பட எல்லாவற்றையும் கேட்டார். பழைய கவர் வாங்கத்தான் வந்தேன் என்றதும் கவரைக் கையில் வாங்கிப் பார்த்து, "வெளியூர்க் கடுதாசி வந்தா எங்கூர்ல போஸ்ட்மேனையே உக்கார வச்சுப் படிக்கச் சொல்வோம்" என்றார். மூக்குக்கு நேராகப் பிடித்து மோந்தும் பார்த்தார். "கரையான் வாசம் வருது."

மண்டபத்தில் வண்டி நின்றது. காற்று அதிகம், பாலத்தில் விடமாட்டார்கள் என்று பெட்டியிலேயே ஒருவர் சொன்னார். பழைய பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் விழாது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. புதுப் பாலத்துக்கும் காற்றென்றால் பயம் உண்டு. ஜன்னல் வழியாக மணல் வந்து முகத்தில் அடித்தது. முக்கால் மணி நேரம். பிளாட்பாரத்தில் டீ விற்றவருக்கு நல்ல வியாபாரம், முதலில் 10 ரூபாய், அரை மணி கழித்து 15.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. ஏப்ரலில் திறந்த பாலம், 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நிற்கிறது. பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள், பாட்டி மட்டும் கடலில் ஒரு ரூபாய்க் காசு போட்டார். நான் அந்தப் பழைய பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பையில் இருக்கிற கவர் 1958-ல் அதன் மேல்தான் வந்திருக்கும், யாரோ பனியனும் வேட்டியுமாக நின்று பிரித்துக்கொண்டிருந்த பெட்டிக்குள்.

ராமேஸ்வரத்தில் ரூம் இல்லை. சாதாரண நாளில் 900 ரூபாய் இருக்கிற லாட்ஜில் 4,500 சொன்னார்கள், அதுவும் எட்டு மணிக்கு மேல் பார்க்கலாம் என்று. மூன்று இடம் ஏறி இறங்கினேன். நான்காவது இடத்தில் ரிசப்ஷன் பையன், "கேக்குறதுக்கே கூச்சமா இல்லையா சார், நாளைக்கு அமாவாசை" என்றான். கடைசியில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் பாய்க்கு 150 ரூபாய். சுமார் 60 பேர், ஒரே மின்விசிறி. கவரை பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். பக்கத்துப் பாய்க்காரர் அது பணம் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

24 ஜூலை, வியாழன் – தனுஷ்கோடி

விடிகாலை 3 மணிக்கே சத்திரம் எழுந்துவிட்டது. அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. மணலே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. கோயில் வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போய், அது நான் நிற்கிற தெருவுக்கே வந்துவிட்டதைக் கண்டு திரும்பிவிட்டேன்.

வேனில் ஆளுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் அடங்கி, ஒரு பக்கம் ஆர்ப்பரித்து. ரோட்டின் மேல் மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போகிறது. பழைய ஊர் இருக்கிற இடத்தில் இறங்கிக்கொண்டேன். மாதா கோயில் சுவர் பவளக் கல்லில் கட்டியது, தேன்கூட்டை உடைத்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஸ்டேஷன் இருந்த இடம், தண்ணீர்த் தொட்டி. இதுதான் தபாலாபீஸ் என்று ஒரு இடிந்த சுவரைக் காட்டினார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை அலை அப்படியே எடுத்துக்கொண்டது. ஊரும் அத்தோடு சரி. சுவருக்குப் பின்னால் ஒருவர் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். அந்த நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தேன், மணல் வாயில் நறநறத்தது.

பசி. கூரைக் கடையில் ஒரு அம்மா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். கடை காலி.

"வாங்கண்ணே, நகரை இருக்கு. இன்னிக்கு அமாவாசைன்னு ஒருத்தரும் திங்க மாட்டேங்காங்க. 200 சொல்றது, 100 குடுங்க."

நானும் ஒரு நிமிஷம் தயங்கினேன். அப்பாவுக்குத் திதி கொடுக்கிற அண்ணன் ஊரில் இருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். மீன் இலையில் வந்த நேரம் போன் அடித்தது. கிராப்பட்டி. காற்றில் பாதிதான் கேட்டது. கூரைக்குப் பின்னால் போய், மணலில் குத்துக்காலிட்டுப் பேசினேன்.

"நேத்து பேரன் வந்துதான் போன்ல படத்தைத் திறந்து காட்டினான். சார், கவருக்கு மேல நீலப் பென்சில்ல இருக்கே, பாத்தீங்களா?"

"குழந்தை கிறுக்கினதுதானே?"

"கிறுக்கலா! அது மலையாளம் சார். இவிடெ இல்லா. இங்க இல்லைன்னு போஸ்ட்மேன் எழுதினது. எங்க செட்டுல ரெண்டு பேரு பாலக்காட்டுக்காரங்க, எனக்குப் படிக்க வரும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கொழும்புக் கடிதத்தில் மலையாளம் எப்படி?

"கோதமங்கலம்னு எர்ணாகுளம் பக்கம் ஒரு ஊரு இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆலங்குடிப் பக்கத்துலயும் ஒரு கொத்தமங்கலம் உண்டு, அது வேற. உங்க ஆளு ஜில்லா எழுதல, சவுத் இந்தியான்னு போட்டிருக்காரு. சவுத் இந்தியா எவ்வளவு பெரிசு! தனுஷ்கோடியிலேர்ந்து இன்ல வந்திருக்கும். பிரிச்சவன் தூக்கக் கலக்கத்துல கேரளாக் கட்டுல போட்டுட்டான். சொந்த ஊரை ராத்திரியில தாண்டித் திருச்சி போயி, அங்கேர்ந்து மலையாளத்துக்குப் போயி, அங்க ஒருத்தரும் இல்லைன்னு சொல்லி, திருச்சிக்கே திரும்பி வந்து, அப்புறம் அவுட்ல ஏத்தி விட்டிருக்காங்க. அதான் குத்தியிருக்கு. வழி தப்பினதுக்குக் குத்துவோம்னு அன்னிக்கே சொன்னேன்ல."

வெட்டுப்பட்ட மூலையில் மலையாளத்து முத்திரைகள் இருந்திருக்கும். மிஞ்சிய நகக்கண் அதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆத்தாளிடம் சொல்லவும் என்ற அந்த வரி ஆத்தாளைத் தாண்டிப் போய், ஊர் சுற்றி, ஏழெட்டு நாள் கழித்து வந்திருக்கிறது.

"எந்த செட்டுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"2."

"அப்ப எங்களுது இல்ல," என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்ததே அதற்கு 13 வருஷம் கழித்து. ஆனாலும் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு அவரே திருத்திக்கொண்டார். "அவுட் செட்டு ஒழுங்காத்தான் பண்ணியிருக்கான். தப்பு பண்ணினது இன் செட்டு. அவன் நம்பர்தான் தெரியல."

"தெரிஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். "எவ்வளவு குடுத்தீங்க அதுக்கு?"

"300."

"தப்பா அனுப்பினா எங்ககிட்ட எக்ஸ்பிளனேஷன் கேப்பாங்க சார். ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுக்கணும். நீங்க அதுக்கு 300 ரூபா குடுத்திருக்கீங்க." சிரிப்பு இருமலாக மாறி, மனைவி வந்து போனை வாங்கி, கவரைத் திரும்பிப் போகும்போது கொண்டுவந்து காட்டச் சொல்கிறார் என்றார்.

உள்ளே வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இலையைத் திரும்ப எடுத்து, கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி வைத்தார். அதற்குள் வீட்டிலிருந்து மெசேஜ்: தீர்த்தமாடியாச்சா, சாமி பார்த்தாச்சா?